மலை நகரமும் சமவெளி மாநகரமும்: நகரமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குன்னூரை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தவறாமல் கேட்பார்கள். கோயம்புத்தூரில் கிடைக்கிற அனுமதி இங்கே ஏன் கிடைப்பதில்லை என்பது ஒன்று. இவ்வளவு சிறிய ஊருக்குத் திட்டம் எதற்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அவற்றைத் தொடர்ந்து எழும் பிற கேள்விகளுக்கும் நீலகிரியையும் கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரையும் முன்னிறுத்தி இங்கே விடை எழுதியிருக்கிறேன். சிறிய நகரம் என்பது சுருக்கி வரையப்பட்ட பெரிய நகரம் என்ற எண்ணம் அலுவலகங்களிலும் மக்களிடமும் ஒருசேர இருக்கிறது. மலையில் அந்த எண்ணம் உயிருக்கே கேடாக முடிவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், சில இடங்களில் விடை நீண்டிருக்கும்.

எது பெரிய நகரம், எது சிறிய நகரம்? இதற்கு ஏதேனும் வரையறை உண்டா?

மக்கள்தொகைதான் அளவுகோல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேரும் அதற்கு மேலும் வாழும் ஊர் முதல் வகுப்பு நகரமாகிறது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் பகுதியைப் பெருநகரப் பகுதி என்று வரையறுத்து, அதற்கெனத் தனித் திட்டக் குழு அமைக்க வழி செய்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி உதகமண்டலத்தில் 88,430 பேரும், குன்னூரில் 45,494 பேரும், கொடைக்கானலில் 36,501 பேரும் வாழ்ந்தனர். ஆகவே இந்த அளவுகோலின்படி நம்முடைய மலை நகரங்கள் யாவும் சிறிய ஊர்களே.

நிதி ஒதுக்கீட்டிலும், மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டங்களுக்கு ஊர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் மக்கள்தொகைக்கு முக்கிய இடம் உண்டு. ஒரு லட்சத்தைத் தொடாத ஊர் பல திட்டங்களின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. சரிவு, மழை, வந்துபோகும் கூட்டம் ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. மலை நகரத்தின் சுமையைத் தீர்மானிப்பவை அந்த மூன்றும்தான்.

சென்னைக்குத் திட்டம் வகுப்பவர் யார்? நம் ஊருக்கு வகுப்பவர் யார்?

இரண்டுக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றே: 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் சென்னைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இருக்கிறது. 1972இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கிய அது 1974இல் சட்டப்படியான குழுமமாயிற்று. அது தயாரித்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2026 வரைக்குமான தேவைகளைக் கணக்கிட்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நீலகிரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 2,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுதான் அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நகரத்தின் திட்ட எல்லைக்குள் நம் மாவட்டத்தைப் போல் இரண்டு அடங்கிவிடும் என்பது விளங்கும்.

பிற ஊர்களை நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழுள்ள உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் பார்த்துக்கொள்கின்றன. மலைப்பகுதிக்கு இவற்றோடு மற்றோர் அடுக்கும் உண்டு. 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் கிராமங்களில் மனைப்பிரிவோ கட்டடமோ உருவாக வேண்டுமானால், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தையும் பெற வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில், கட்டடத்தின் தோற்றத்தையும் அமைவையும் பரிசீலிக்கும் குழு ஒன்றும் இருக்கிறது.

சென்னையில் அலுவலகம் ஒன்று, அதற்குள் நிபுணர்கள் பலர். மலையில் அலுவலகங்கள் பல. ஆனால் சரிவின் தன்மையையும் மண்ணின் ஆழத்தையும் முழுநேரமாகப் பார்க்கும் வல்லுநர் நகராட்சி அளவில் இருப்பதில்லை. ஒரு விண்ணப்பம் மாதக்கணக்கில் அலைவதற்கு விதிகளின் கடுமையைக் காட்டிலும் இந்த ஆள்பற்றாக்குறையே பெரிய காரணம் என்பது என் கருத்து. அலைச்சலுக்கு அஞ்சி அனுமதியின்றிக் கட்டுபவர்கள் பெருகுவதற்கும் அதுவே காரணம்.

பெரிய நகரத்தில் பல மாடி கட்டலாம். இங்கே ஏன் கூடாது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது, 18.30 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடம் அடுக்குமாடி வகையில் சேராது என்று வகுக்கப்பட்டது. சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. அதாவது ஒரு சென்ட் மனையில் இரண்டு சென்ட் அளவுக்குத் தளம் எழுப்பலாம். சமவெளி மாநகரத்தின் தர்க்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது. நிலம் விலை உயர்ந்தது, மக்கள் அதிகம். ஆகவே மேல்நோக்கி வளரவிட்டு, சாலையையும் குழாயையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும்.

மலை நகரங்களுக்கு 1993இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் பொதுவாக 7 மீட்டர் உயரத்துக்கு மேல் அனுமதி இல்லை. மலையின் அழகைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட கட்டுப்பாடு இது என்று பலர் நினைக்கிறார்கள். அழகும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட முக்கியமானது எடை. சரிவில் நிற்கும் மண் தன் எடையையும் தனக்குள் ஊறிய நீரின் எடையையும் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் மூன்று மாடி கான்கிரீட்டை வைத்து, அடிவாரத்தை வண்டி நிறுத்துவதற்காக வெட்டியெடுத்தால், மேலே பாரம் கூடிக் கீழே தாங்கல் குறைந்துவிடும். தவிர, தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் உயரமான கட்டடம் எழுந்தால், விபத்து நேரும்போது மீட்புக்கு வழியிருக்காது.

மழைநீர் சேகரிப்பு எல்லா ஊருக்கும் பொதுவான நன்மைதானே?

2003இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் வறண்டு, உப்பேறிக்கொண்டிருந்த நிலத்தடி நீருக்கு அது பெரும் நன்மை செய்தது. கூரையில் விழும் நீரைக் குழாய் வழியே இறக்கி, மண்ணுக்குள் விடுவதுதான் அங்கே முறை.

இதே முறையைச் சரிவில் கையாண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீலகிரியின் மேல்மண் பல இடங்களில் மிக ஆழமானது. பாறை சிதைந்து உருவான செம்மண்ணும் களிமண்ணும் கலந்தது. பெருமழையில் நீர் உள்ளே இறங்க இறங்க மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரழுத்தம் உயர்ந்து, அவற்றின் பிடிப்பு தளர்கிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் சரிவுக்குள் உறிஞ்சுகுழி மூலம் மேலும் நீரைச் செலுத்துவது, சரியும் மண்ணுக்கு நாமே வழிவிடுவதாகும். மலையில் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம். மிகுதியைக் கல் பதித்த வடிகால் வழியாக இயற்கை ஓடைவரை பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். சரிவின் மேல்பகுதியில் அதை ஊறவிடக் கூடாது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 சென்டிமீட்டர் மழை, சென்னையின் பெரும்பகுதி மூழ்கிய நாட்களின் அடையாளமாக இன்றும் பேசப்படுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியிலும் அதே அளவு கொட்டியது. கேத்தியில் பெய்த மழை ஊரை மூழ்கடிக்கவில்லை, சரிவுகளை இறக்கியது. அந்த நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவலாஞ்சியைச் சுற்றிப் பெரும்பாலும் காடும் அணைகளும் இருந்ததால் உயிரிழப்பு அந்த அளவுக்கு ஏற்படவில்லை. மழை ஏறக்குறைய ஒன்றே. அது எத்தகைய நிலத்தின் மேல் பெய்தது என்பதுதான் வேறு.

சென்னைத் திட்டக்காரர் முதலில் கேட்க வேண்டியது, நீர் எங்கே தேங்கும் என்பது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கட்டடங்கள் சூழ்ந்தது அந்தக் கேள்வியை மறந்ததால்தான். மலையில் கேட்க வேண்டியது, நீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது.

சரிவில் வீடே கட்டக் கூடாதா?

கட்டலாம். நம் முன்னோர் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஊர்களான ஹட்டிகளைப் பாருங்கள்: உருண்டையான தாழ்ந்த குன்றின் மேற்பகுதியில், சரிவை அறுக்காமல், ஒரே மட்டத்தில் வரிசை வரிசையாக வீடுகள், கீழே விளைநிலம், அதற்கும் கீழே பள்ளத்தில் நீர். பழனி மலையில் பூம்பாறையும் அப்படியே. வீடுகள் நெருங்கி ஒரு பக்கம் நிற்க, சுற்றிலும் படிப்படியாக வயல்கள் இறங்குகின்றன. ஓடைக்கரையையும் பள்ளத்தாக்கின் அடியையும் குடியிருப்பாக்காமல் விட்டுவைத்தது அனுபவம் தந்த அறிவு. பிற்காலத்து நகரங்களோ சந்தை, பேருந்து நிலையம், கடைவீதி எல்லாவற்றையும் பள்ளத்திலேயே வைத்தன. உதகையிலும் குன்னூரிலும் பலத்த மழையன்று எங்கே நீர் ஏறுகிறது என்று பார்த்தால் இது புரியும்.

இன்று நடப்பது வேறு. மனையை வாங்கியதும் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, சரிவைச் செங்குத்தாக அறுத்து, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித் தளம் சமன் செய்கிறார்கள். அறுத்த பக்கம் தாங்கலின்றி நிற்கிறது. கொட்டிய பக்கம் இறுகாத மண்ணாக இருக்கிறது. வீட்டின் பாதி பழைய மண்ணிலும் பாதி புதிய மண்ணிலும் நின்றால், இரண்டு மழைக்காலத்துக்குள் சுவரில் குறுக்கு விரிசல் ஓடும். அதன் பிறகு கட்டப்படும் தடுப்புச் சுவரிலும் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடுவதில்லை. விட்டாலும் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புவதில்லை. நீர் வெளியேற வழியில்லாத தடுப்புச் சுவர் தன் பின்னால் ஓர் அணையைக் கட்டிக்கொள்கிறது. எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒருநாள் முன்பக்கமாகச் சாயும். என் தொடக்கக் காலத்தில் நானே ஒரு சுவருக்கு இந்தத் துளைகளைக் குறைவாகக் குறித்துக் கொடுத்தேன். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அது பிதுங்கி, ஒரு குடும்பம் மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. அன்றுமுதல் வரைபடத்தில் சுவரை வரைவதற்கு முன் நீர் வெளியேறும் பாதையைத்தான் வரைகிறேன்.

30 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் சாய்ந்த சரிவில் பொதுவாகக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது நகரமைப்பு வழிகாட்டு நெறிகள் கூறுவது. அதற்குக் குறைந்த சரிவிலும், வெட்டுவதைக் குறைத்து, நிலத்தின் படிக்கட்டுக்கு ஏற்ப வீட்டையும் இரண்டு மூன்று மட்டங்களாகப் பிரித்துக் கட்டுவதே நல்லது. சமவெளியில் பழகிய வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, நிலத்துக்கேற்ப வீட்டை மாற்றுங்கள், வீட்டுக்காக நிலத்தை மாற்றாதீர்கள் என்பதுதான்.

ஆபத்தான இடங்கள் எவை என்று அரசுக்குத் தெரியுமா?

தெரியும். நீலகிரியில் மழைக்கால ஆபத்துள்ள 283 இடங்களை மாவட்ட நிர்வாகம் கண்டறிந்து வைத்திருக்கிறது. பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலை வைத்தே குழுக்கள் அமைக்கப்படுகின்றன. மீட்புப் பணிக்கு அது பயன்படுகிறது. ஆனால் அந்த அறிவு நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் முழுமையாக ஏறவில்லை. ஓர் இடம் ஆபத்துப் பட்டியலில் இருக்கும்போதே அதன் அருகில் குடியிருப்பு மனையும் விற்பனைக்கு வருகிறது. 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த பேரழிவு, கூடலூரின் எல்லைக்கு அப்பால் நெருக்கத்தில்தான் நடந்தது. சரிவு தொடங்கிய இடம் மேலே. உயிர்கள் போனது கீழே ஓடையின் பாதையில். ஆகவே சரியும் இடத்தை மட்டும் குறித்தால் போதாது. சரிந்தது பாய்ந்துவரும் பாதையையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

உதகையின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. பிறகு ஏன் தண்ணீரும் சாலையும் போதவில்லை?

ஒரு நாளில் ஊருக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை வேறு, ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்களின் எண்ணிக்கை வேறு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனுக்கு, உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. உள்ளூர் வாகனங்களும் அரசுப் பேருந்துகளும் இதில் அடங்கா.

ஒரு வாகனத்துக்கு நான்கு பேர் என்று குறைத்தே கணக்கிடுவோம். வரம்புக்குட்பட்டே வந்தாலும் ஒரு சனிக்கிழமை கொடைக்கானலுக்குள் புதிதாக நுழைபவர்கள் 24,000 பேர். ஊரின் சொந்த மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சென்னைக்குள் ஒரே நாளில் அதே விகிதத்தில் வெளியூர்க்காரர்கள் நுழைவதாக நினைத்துப் பார்த்தால் நகரமே நின்றுவிடும். ஆனால் மலை நகரங்கள் ஏப்ரல், மே மாதங்களில் அந்தச் சுமையைத் தொடர்ந்து சுமக்கின்றன. குடிநீர்க் குழாயின் விட்டம், குப்பை வண்டிகளின் எண்ணிக்கை, தூய்மைப் பணியாளர் பணியிடங்கள் ஆகிய எல்லாமே நிரந்தரக் குடிமக்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அனுமதிக்கப்படுகின்றன. மலை நகரத் திட்டம் உச்சநாள் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த ஊர்கள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று கணிக்கும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் ஒப்படைக்கப்பட்டது. எத்தனை வீடுகளையும் விடுதி அறைகளையும் தாங்கும் என்ற கணக்கும் அதே அக்கறையோடு எடுக்கப்பட வேண்டும்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீராதா?

பெரிய நகரத்தில் சாலை நிறைந்தால் மேம்பாலம், புறவழிச்சாலை, மெட்ரோ என்று அடுத்தடுத்த படிகள் உண்டு. மலையில் சாலையை ஒரு மீட்டர் அகலப்படுத்த வேண்டுமானால் மேல்சரிவை அறுக்க வேண்டும், அல்லது கீழ்ச்சரிவில் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டும் புதிய நிலச்சரிவுக்கு இடமளிப்பவை. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே நிகழ்ந்த சரிவை இன்றும் மறக்காதவர்கள் இங்கே உண்டு. அகலப்படுத்தியே ஆக வேண்டிய இடங்களில் மண்ணுக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்திப் பிணைத்து, மேலே புல் வளர்க்கும் முறை கையாளப்படுகிறது; வெறும் கருங்கல் சுவரைவிட அது மேல்.

நெரிசலுக்கு உண்மையான தீர்வு, வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சிறிய பேருந்துகளில் மக்களை ஏற்றிச் செல்வது. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்து சேர்ந்தது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அதைச் சுற்றுலாப் பொருளாக மட்டும் பார்க்காமல், அன்றாடப் போக்குவரத்தாகவும் கருத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

குடிநீரும் கழிவுநீரும்: இங்கே என்ன வேறுபாடு?

சென்னை தன் நீரைத் தொலைவிலிருந்து வாங்குகிறது: பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். பற்றாக்குறை வந்தால் இன்னொரு மூலத்தைத் தேடப் பணமும் அதிகாரமும் அதற்கு இருக்கின்றன. மலை நகரமோ தன் தலைக்குமேல் உள்ள சிறிய நீர்த்தேக்கங்களை நம்பி வாழ்கிறது. உதகைக்குப் பார்சன்ஸ்வேலி, குன்னூருக்கு ரேலியா, கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம். இவற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கும் சோலையும் புல்வெளியும் சதுப்பும்தான் கோடையில் ஊற்றைக் காக்கின்றன. அங்கே ஒரு காட்டேஜ் வரிசை எழுந்தால், நகரின் தொட்டி சிறுத்துவிட்டது என்று பொருள்.

கழிவுநீர் விஷயத்தில் நாம் மேல்வீட்டுக்காரர்கள். உதகையில் கோடப்பமந்து கால்வாய் ஏரிக்குள் சேர்கிறது. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் சாண்டிநல்லா ஓடை வழியே காமராஜ் சாகர் அணைக்கும், அங்கிருந்து மாயாற்றுக்கும், இறுதியில் பவானிசாகருக்கும் போகிறது. கொடைக்கானல் ஏரியின் உபரி நீர்தான், மலையேறும் பயணிகள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளி அருவி. குந்தா, பவானி ஆறுகளின் நீர் பில்லூர் அணையில் தேங்கிக் கோவைக்குக் குடிநீராகிறது. மாநகரம் குடிக்கும் நீரின் தூய்மை ஒரு சிறிய மலை ஊரின் சாக்கடைத் திட்டத்தைப் பொறுத்திருக்கும்போது, அந்தச் சாக்கடைத் திட்டத்தின் செலவைச் சிற்றூர் மட்டும் சுமக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

வீட்டளவில், உறிஞ்சுகுழி பற்றி மழைநீருக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும். அடுத்தடுத்து இருபது வீடுகள் சரிவுக்குள் கழிவுநீரை விட்டால், மழை இல்லாத மாதத்திலும் மண் ஈரமாகவே இருக்கும்.

விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்திவிடலாமே?

கொடைக்கானலுக்கு 1993இல் முழுமைத் திட்டம் வந்தது. அது நெடுங்காலம் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது. இடையில் சுற்றுலா பலமடங்கு பெருகி, விதிக்கு மாறான விடுதிகள் எழுந்து, நீதிமன்ற உத்தரவுகளால் கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்படும் நிலை வந்தது. கோவையும் இதற்கு விலக்கன்று. 1994இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தை வைத்துக்கொண்டே அது கால் நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்தது. ஆனால் சமவெளியில் காலாவதியான திட்டத்தின் விலை நெரிசல். மலையில் அதன் விலை நிலச்சரிவு. அபராதம் கட்டினால் மனை அகலக் குறைவை மன்னிக்கலாம். சரிவின் கோணத்தை அபராதம் மாற்றாது. ஆகவே ஒவ்வொரு கட்டடத்தையும் நிலத்தியல் அடிப்படையில் தனித்தனியே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் எல்லா விதிமீறலையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. கூடலூரில் 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின், குத்தகை நிலங்கள் பற்றிய 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில், தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தேயிலைத் தோட்ட வேலையில் குடியமர்த்தப்பட்ட மக்களில் பலர், கிடைத்த சரிவில் கூரை போட்டு வாழ்கிறார்கள். பட்டா இல்லாதவரால் திட்ட அனுமதி கேட்கவே முடியாது. விடுதி முதலாளியின் நான்காவது மாடியும் இவர்களின் ஓர் அறை வீடும் ஒரே பதிவேட்டில் விதிமீறல் என்று எழுதப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆபத்தான சரிவிலிருந்து இவர்களை நகர்த்த வேண்டுமானால், வேலைக்கு நடந்து போகக்கூடிய தொலைவில் பாதுகாப்பான மாற்று வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகே நகர்த்த வேண்டும்.

யானை வழித்தடம் நகரமைப்பில் சேருமா?

சேரும். முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதி வழித்தடத்தில் விடுதிகளுக்கு எதிராக உயர் நீதிமன்றம் 2011இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. மாநகரத்தில் நிலப் பயன்பாடு என்பது குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மனிதத் தேவைகளுக்குள் பங்கிடும் வேலை. நீலகிரியில் மனிதரல்லாத குடிகளும் அந்த வரைபடத்தில் இடம் பெற்றாக வேண்டும்.

திட்டத்தில் என் குரலுக்கு இடம் உண்டா?

வரைவு முழுமைத் திட்டம் வெளியிடப்பட்ட பின் கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் தரப்படுகிறது. கிராமங்களில் கிராம சபையும், நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்களும் இருக்கின்றன. இங்கே சிறிய நகரத்துக்கு மாநகரத்துக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. 5,904 சதுர கிலோமீட்டர்த் திட்டத்தில் தன் தெருவைத் தேடுபவர் களைத்துப்போவார். 21 சதுர கிலோமீட்டர்க் கொடைக்கானலில் வார்டு உறுப்பினரும் நீங்களும் ஒரே ஓடையின் கரையில் நின்று பேசலாம். ஆட்சேபத்தை எழுத்தில், சர்வே எண்ணோடு, முடிந்தால் மழைநாளில் எடுத்த புகைப்படத்தோடு கொடுங்கள். எதிர்க்கிறேன் என்று மட்டும் எழுதும் நூறு மனுக்களைவிட, இந்தச் சர்வே எண்ணில் இந்த ஓடை ஓடுகிறது, வரைபடத்தில் அது இல்லை என்று காட்டும் ஒரு மனுவுக்கு எடை அதிகம்.

மலையில் மனை வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவற்றை எல்லா ஊரிலும் பார்ப்பதுபோல் பாருங்கள். கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழும வரம்பில் வருகிறதா என்றும், நிலம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறதா என்றும் கேளுங்கள். இடம் 283 பட்டியலில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்குப் பிறகு, விற்பவர் அவசரப்படுத்தினாலும், ஒரு நவம்பர் மாதம் வரை பொறுத்திருங்கள். நல்ல மழையன்று குடையோடு போய், மனையில் அரைமணி நேரம் நில்லுங்கள். மேலிருந்து நீர் எந்த வழியாக வருகிறது, மனைக்குள் எங்கே கொப்பளிக்கிறது, கீழ்வீட்டின் சுவரில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, மின்கம்பம் கோணியிருந்தாலோ மண் மெல்ல நகர்கிறது என்று அறியலாம். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், 2009 நவம்பரில் இந்த இடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.